காற்றில் பார்த்து எடுத்த மினி ஸ்கர்ட்

ஐந்தருவிக்குப் போகிற வழியில் தார்ப்பாய் கட்டித் துண்டும் டிரவுசரும் விற்றுத் தொடங்கியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இரண்டு அருவி சீசனில் காற்று தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாவது சீசனில் தகரம் போட்டேன். பிறகு தென்காசியில் கடை, கடைக்கு மேலே மாடி, வடகரையில் தென்னந்தோப்பு, ஒரே மகளுக்குச் சென்னையில் உடை வடிவமைப்புப் படிப்பு. எல்லாம் இந்த இரண்டு கைகளால் ஆனது. ஒருத்தரும் வந்து தூக்கிவிடவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் இவை எதையும் முதலில் சொல்ல மாட்டேன். தென்காசிப் பெண்கள் மினி ஸ்கர்ட்டைக் கூச்சமில்லாமல் உடுத்தும்படி செய்தவன் நான். அதைத்தான் முதலில் சொல்வேன்.

அது தற்செயலாக வந்தது. திருப்பூரில் பனியன் என்று நம்பி எடுத்த மூட்டையைப் பிரித்தால் பாதிக்குப் பாதி மினி ஸ்கர்ட். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன அண்ணாச்சி, துணி பத்தலையா? பாதியிலேயே நிறுத்திட்டிய!”

“வித்துக் காட்டுதேன், பாத்துக்கிட்டே இரும்” என்றேன். எப்படி விற்பது என்று எனக்கே தெரியாது.

வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஆனி மாதம், சாரல் நேரம். கணவாய் வழியாக வரும் மேல்காற்று எங்கள் ஊரில் ஆளையே தள்ளும். கிட்டத்தட்ட அத்தனை ஸ்கர்ட்டும் குடை திரும்பியது போல மேலே எழும்பி நின்றன. தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டு மட்டும் அசையாமல் தொங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று ஜீன்ஸ் துணி. இன்னொன்றுக்குக் கீழ்மடிப்பு அகலம்.

கீழே கனம் இருந்தால் பறக்காது என்று அன்று பிடித்துக்கொண்டேன். பறந்தவற்றுக்கெல்லாம் கீழே உள்பக்கமாகக் கனத்த துணிப்பட்டை வைத்து நானே தைத்தேன். உள்ளே ஒரு சின்ன டிரவுசரையும் இணைத்தேன். அதிலிருந்து எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் வாசல் கம்பியில் காற்றுக்கு மாட்டுவேன். பறந்தால் பட்டை வைக்காமல் உள்ளே விடமாட்டேன்.

உடைமாற்றும் அறைக்குள் ஒரு ஸ்டூல் போட்டதும் நான்தான். நிற்கும்போது சரியாக இருக்கிற ஸ்கர்ட் உட்கார்ந்தால் காலை வாரிவிடும். “உள்ள ஸ்டூல்ல உக்காந்து பாரும்மா, பெறகு எடு” என்பேன். பெண்கள் மேல் அளவு நாடாவை வைத்ததே இல்லை. ஆள் நடந்து வருவதைப் பார்த்தே அளவு சொல்வேன். குள்ளமான பெண்ணுக்கு இடுப்புக்கு மேலே ஏற்றி உடுத்துகிற ஸ்கர்ட், மேல்சட்டையை உள்ளே செருக வேண்டும். இடுப்பு அகலமென்றால் கீழே விரிந்து இறங்குகிற வெட்டு. மெலிந்தவளுக்குக் கொசுவம் வைத்தது. ஸ்கர்ட்டில் கட்டம் இருந்தால் மேலே வெறும் நிறம். சாரலில் கறுப்பு லெகிங்ஸ் இல்லாமல் வெளியே கிளம்பக்கூடாது.

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு தாய் தன் மகளோடு வந்தாள். மகள் ஸ்கர்ட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“அண்ணாச்சி, இத உடுத்திக்கிட்டு இவ வெளிய போனா எங்க வீட்டுக்காரரு என்னையத்தான் ஏசுவாரு.”

“உள்ள நின்னு ஏன் பேசுத தாயி? வாசலுக்கு வா, காத்தக் கேப்போம்.”

கம்பியில் மாட்டினேன். காற்று அடித்தது. ஸ்கர்ட் அசைந்து கொடுத்ததே தவிர எழும்பவில்லை. அந்தத் தாய் கீழ்ப்பட்டையைத் தடவிப் பார்த்தாள். “அடக்கமாத்தான் இருக்கு” என்றாள். அடுத்த சீசனுக்குத் தங்கச்சி மகள்களையும் கூட்டி வந்தாள். அவர்களில் ஒருத்திகூட என்னைத் தப்பாகப் பார்த்ததில்லை.

இப்போது கடையை மகள் பார்க்கிறாள். நல்ல கெட்டிக்காரி, என் ரத்தம். போன மாதம் இணையத்தில் போடுவதற்காக ஒரு பெண் வந்து அவளைப் பேட்டி எடுத்தாள். வாசலில் வைத்துத்தான் படம் பிடித்தார்கள். காற்றுக்கு ஸ்கர்ட் மாட்டும் கொக்கிக் கம்பை ஓரமாக நின்று பிடித்துக்கொண்டிருந்தது நான்.

மகள் சொன்னாள்: “எங்க ஊரு காத்துக்குன்னே நான் யோசிச்சு வச்ச டெஸ்ட் இது. ஸ்டூல் ஐடியாவும் என்னோடதுதான்.”

“அப்பா ஒண்ணும் சொல்லலையா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

மகள் சிரித்தாள். “அப்பா துண்டு வித்த ஆளு. அவங்களுக்கு மினி ஸ்கர்ட்னாலே கூச்சம்.”

கம்பைக் கீழே போடவில்லை. படம் முடியும் வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். “ஏட்டி, எனக்கா கூச்சம்? நீ பாவாடை கட்டுத வயசுலயே நான் பட்டை வச்சுத் தச்சவன்லா?”

“யப்பா, வயசான ஆம்பள மினி ஸ்கர்ட் எடுத்துக் குடுத்தாருன்னு சொன்னா பாக்குதவங்க என்ன நெனைப்பாங்க? தொழிலுக்காகச் சொன்னது. நீங்க ஏன் மனசுல வைக்கிய?”

“இத்தன வருசமா வந்த பொம்பளைக ஒண்ணும் நெனைக்கலையே. நீதான நெனைக்க.”

அவள் இந்த சீசனுக்கு அச்சடித்து வந்த அட்டைகளை எடுத்து ஒவ்வொரு ஸ்கர்ட்டிலும் கோக்கத் தொடங்கினாள். ஒன்றை வாங்கிப் படித்தேன். ‘பெண்களுக்காக ஒரு பெண் யோசித்து உருவாக்கியது.’

போட்டிக்காரன் என் வேலையைத் திருடியிருந்தால் கடைவீதியில் வைத்துச் சண்டை போட்டிருப்பேன். பெற்ற மகளிடம் எப்படிச் சண்டை போடுவது? தோப்பு அவளுக்குத்தான். கடையும் அவளுக்குத்தான். கேட்காமலே கொடுத்துவிட்டேன். இதை நான் கொடுக்கவில்லை.

அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், மகள் படிக்கட்டும். அந்த அட்டையை மறுபடி அச்சடிக்க வேண்டும். கீழ்ப்பட்டையும் காற்றுச் சோதனையும் ஸ்டூலும் அப்பா செய்தவை என்று, என் பெயர் போட்டு, உன் வரிக்கு எவ்வளவு பெரிய எழுத்தோ அவ்வளவு பெரிய எழுத்தில் வர வேண்டும். அதே பெண்ணைக் கூப்பிட்டு அதே வாசலில் நின்று அதை உன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை ஒரு ஸ்கர்ட்டைக்கூட நான் காற்றில் பார்த்துத் தர மாட்டேன்.