பதினாலாம் ஷரத்தும் பன்னிரண்டு தக்கைச் சட்டைகளும்

பிறத்தியார் உயிரைக் காப்பாற்றுகிற சாமான்களைப் பூட்டி வைத்துக் காப்பாற்றுவதுதான் என் உத்தியோகம். சாவிக்கொத்தை இடுப்பில் முடிந்துகொண்டு, "ஸ்டோர் எவன் பொறுப்பு?" என்ற கேள்வியைக் கேட்டாலே சாவியைத் தடவிப் பார்க்கிற என் இனத்தாரே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அது மகாராஜா காலம். குளச்சல் துறையில் கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கருப்புக்கட்டிப் பொதியையும் தேங்காய்நார்த் தும்புக்கட்டையும் வள்ளத்தில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். அந்தக் கான்ட்ராக்ட் எங்கள் முதலாளிக்கு. கோட்டாற்றுக்காரர், வண்டியில் இருந்தபடியே கடலைப் பார்க்கிறவர். நான் அவருக்கு ரைட்டர். வேதக்கோயில் உபதேசியார் மகன், நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும் என்பதால் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வதும் என் தலையில் விழுந்தது. பதினாலாம் ஷரத்து: வள்ளத்துக்கு நாலு வீதம் தக்கைச் சட்டை கொடுத்து, ஆட்களுக்குப் போட்டு அனுப்ப வேண்டும். பதினைந்தாம் ஷரத்து: அவற்றைப் பழுதில்லாமல் பேண வேண்டும், பழுது கண்டால் கான்ட்ராக்ட் ரத்து. மூன்று வள்ளம், பன்னிரண்டு சட்டை. சட்டை என்றால் வேறொன்றுமில்லை, கெட்டிக் கித்தானுக்குள் பன்னிரண்டு பட்டைத் தக்கை வைத்துத் தைத்து, மேலே எண்ணெய்ச் சாயம் பூசினது.

வலையில் கண்ட தக்கை

முதல் வாரம் சட்டைகளைத் துறையில் ஒரு ஓலைச் சாய்ப்பில் தொங்கவிட்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வரும்போது மணலில் ஒரு வலை காய்ந்து கிடந்தது. மூன்றாம் வள்ளத்துத் தலைவன் வியாகுலத்தின் வலை. கப்பல் வராத நாளில் அவன் மீன் பிடிக்கப் போவான். எல்லார் வலையிலும் கறுத்துப்போன மரக்கட்டைதான் மிதப்பாகக் கட்டியிருக்கும். இவன் வலையில் மட்டும் பன்னிரண்டு மிதப்பு, வெளுவெளுவென்று, அளவெடுத்து வெட்டினதுபோல. தக்கை! சாய்ப்புக்கு ஓடிப்போய் எண்ணினேன். சட்டை பன்னிரண்டும் இருந்தன. எதிலோ ஒன்றைப் பிரித்து, தக்கையை எடுத்துவிட்டு, தும்பை அடைத்துத் திரும்பத் தைத்திருக்கிறான். எது? தட்டினேன், அமுக்கினேன், தூக்கிப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன கித்தான் ஒன்றும் காட்டிக் கொடுக்கவில்லை.

முதலாளியிடம் சொல்லலாம். சொன்னால் முதலில் போவது வியாகுலம் அல்ல, ஸ்டோர் பொறுப்பாளியான நான். வாயைப் பொத்திக்கொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாகுலத்தை விடவில்லை. "ஓய், இது உயிர் காக்கிற சாமானாக்கும்! எந்தச் சட்டைன்னு சொல்லும்" என்று கத்தினேன். அவன் வலையை மடித்துக்கொண்டே சொன்னான்: "ஆளு மிதக்கதுக்கு எங்களுக்குக் கையும் காலும் இருக்கு ரைட்டரே. வலைக்கு என்ன இருக்கு?"

ரெண்டு ஷரத்து, ஒரு பூட்டு

மறுநாள் முதலாளி வந்தார். ஒரு சட்டையின் ஓரத்தில் உப்புத் தண்ணீர் பட்டு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பதினைந்தாம் ஷரத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். "பழுதுன்னா என்ன? இதுதானே பழுது?" என்றார். பன்னிரண்டையும் பண்டகசாலைக்குள் கொக்கி அடித்து மாட்டச் சொல்லி, பூட்டுப் போட்டு, சாவியை என் கையில் தந்தார். கப்பல் கம்பெனி இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் வெளியே எடுக்க வேண்டும். சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

"பதினாலாம் ஷரத்து ஆட்களுக்குப் போட்டு அனுப்பச் சொல்லுதே முதலாளி" என்று மெதுவாக இழுத்தேன். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "ஆளு நனைஞ்சா காயும் ரைட்டரே. சட்டை நனைஞ்சா கான்ட்ராக்ட் போச்சு."

சிதறால்காரன்

துறைக்காரர்கள் யாரும் அந்தச் சட்டைக்காக ஏங்கவில்லை. நீந்தப் பிறந்தவர்கள், அதைப் போடுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். ஏங்கினவன் ஒருத்தன்தான்: தங்கையன். மலையடிவாரத்துச் சிதறால் ஊர்க்காரன், பொதி சுமக்கிற சுமட்டு வேலை. மூன்றாம் வள்ளத்தோடு போய், கப்பலிலிருந்து இறங்குகிற கொக்கியில் பொதியை மாட்டிவிட வேண்டும். கூலி வேலைக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தான். நீச்சல் தெரியாது. ஊரில் இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில்.

தினம் காலையில் பண்டகசாலை வாசலில் வந்து நிற்பான். "ஒரு சட்டை தருவீரா ரைட்டரே?" நான் முதலாளி உத்தரவைச் சொல்வேன். "ஏ மலைக்காரா, கயித்தைப் பிடிச்சிட்டு வா, கடல் உன்னைத் தின்னாது" என்று வியாகுலம் கூப்பிடுவான். ஆனி மாதம் காற்று ஏறி, அலை ஆள் உயரம் எழும்பிய ஒரு நாள், தங்கையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை சில்லென்று இருந்தது. நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. "போடாண்டாம் ரைட்டரே. ஒருக்கா தொட்டுப் பாத்துட்டுப் போறேன், அது போரும்."

இன்ஸ்பெக்டர் விரல் நீட்டினார்

இன்ஸ்பெக்டர் திருவனந்தபுரத்திலிருந்து மோட்டாரில் வந்து இறங்கினார். பன்னிரண்டு சட்டையும் வரிசையாகத் தொங்கின, ஒரு அழுக்கில்லை. முதலாளி மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்வதுபோல உபசாரம் செய்தார். இன்ஸ்பெக்டர் இளநீரைக் குடித்து முடித்து, "நீந்தத் தெரியாத ஒருத்தனுக்கு இதைப் போட்டுத் தண்ணியில இறக்குங்க, பாப்போம்" என்றார். தங்கையன் நான் நான் என்று முன்னால் வந்தான். அத்தனை நாள் கேட்ட சட்டை! இன்ஸ்பெக்டர் கொக்கிகளை நோட்டம் விட்டு, ஏழாவதை நோக்கி விரல் நீட்டினார்.

பன்னிரண்டில் ஒன்று தும்பு. சொன்னால் நாற்பது பேர் பிழைப்பும் என் வேலையும் போகும். சொல்லாவிட்டால்? தங்கையன் சிரித்துக்கொண்டே வாரைக் கட்டினான். கர்த்தாவே, நான் சொல்லவில்லை. வள்ளத்தைக் கழுத்தளவுக்கு அப்பால் கொண்டுபோனார்கள். தங்கையன் குதிக்கும் முன்னே வியாகுலம் ஏனோ தண்ணீரில் இறங்கி அவன் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தான். எனக்கு அப்போது அதன் அர்த்தம் எட்டவில்லை. தங்கையன் விழுந்தான், முங்கினான், பந்துபோல மேலே வந்தான். நாலு நிமிஷம் மிதந்தான். கரையில் எல்லாரும் கை தட்டினார்கள், ஏழாவதில் தக்கைதான் என்று நம்பி நானும் தட்டினேன். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு, இந்த ஆள் தினமும் இதே சட்டையைப் போட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவும் எழுதிவிட்டு, முதலாளி முதுகில் தட்டினார்: "கொள்ளாம் கான்ட்ராக்டரே, கொள்ளாம்!"

காயாத சட்டை

மறுநாள் காலையில் தங்கையன் கல்யாண வேஷ்டி வாங்க வந்தவன்போல வந்தான். ஏழாவது கொக்கியிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தேன். "கனமாட்டு இருக்கே" என்றான். "தண்ணி காயல்லே, வேற ஒண்ணுமில்லே" என்றேன். வாரைக் கட்டிக்கொண்டு மூன்றாம் வள்ளத்தில் ஏறிப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து வாசல் வெயில் உள்ளே விழுந்தது. ஏழாவது கொக்கிக்குக் கீழே தரையில் குளம்போலத் தண்ணீர், பாலில்லாத கட்டன்காப்பி நிறத்தில். தக்கை நனைந்தால் தண்ணீர் வழிந்து போய்விடும், நிறமும் கிடையாது. குனிந்தேன். காயலில் ஊறின தேங்காய்த் தொண்டு நாற்றம்! இந்தச் சீமையில் பிறந்த எவனுக்கும் அந்த நாற்றம் தெரியும். தும்பு! முந்தின நாள் காய்ந்த தும்பாக இருந்ததால் நாலு நிமிஷம் மிதந்தது. இன்றைக்கு ஊறின தும்பை ஒரு மனுஷன் மார்பில் நானே கட்டி அனுப்பியிருக்கிறேன்.

செருப்பில்லாமல் ஓடினேன். துறையில் நின்று மேல்துண்டை வீசிக் கத்தினேன். காற்று என் சத்தத்தை என் வாயிலேயே திணித்தது. மூன்றாம் வள்ளம் அலை உடைகிற இடத்தில் இருந்தது. ஏறினது, இறங்கினது, அடுத்த அலையில் குறுக்கே திரும்பினது. கவிழ்ந்தது! தும்புக்கட்டுகள் மிதந்தன. தலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எண்ணினேன். ஏழு. போனவர்கள் ஒன்பது பேர். தங்கையனைக் காணவில்லை, வியாகுலத்தையும் காணவில்லை. "பாதாளத்தின் வயிற்றிலிருந்து கூக்குரலிட்டேன்" என்று அப்பா சொல்லித்தந்த, மீன் விழுங்கின யோனாவின் ஜெபம் என் வாயில் தானாக வந்தது, பாதியில் மறந்தும் போனது.

பிறகு ஒரு தலை வந்தது. வியாகுலம். அவன் கையில் ஒரு மயிர்க்கற்றை. அதன் கீழே தங்கையன். கரைக்கு இழுத்துவந்து கவிழ்த்துப் போட்டார்கள். வியாகுலம் அவன் முதுகில் முட்டியை வைத்து அமுக்கினான். வாயிலிருந்து கடல் வந்தது, பிறகு இருமல் வந்தது. அந்தச் சட்டையைக் கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது, அவ்வளவு கனம். கழற்றின சட்டையைத் தங்கையன் விடவில்லை. மார்போடு இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்து அழுதான்: "இந்தச் சட்டை மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்குத் தீந்திருப்பேன் ரைட்டரே!"

மேசைமேல் வைத்தது

சாயங்காலம் வியாகுலம் பண்டகசாலைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. எனக்கோ ஆத்திரம் பொங்கியது. "எந்தச் சட்டைன்னு உமக்குத் தெரியும். நேத்து அதனாலதானே முன்னாலே தண்ணியிலே இறங்கினீரு? இன்னைக்கு அவன் அதைப் போட்டுட்டு ஏறும்போது ஏன் ஓய் சொல்லல்லே?" என்று கேட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீரு ஏன் சொல்லல்லே?" என்றான்.

அவன் மடியை அவிழ்த்து, தன் வலையிலிருந்து அறுத்த பன்னிரண்டு தக்கையையும் என் மேசைமேல் வைத்தான். பக்கத்தில் தங்கையனிடமிருந்து வாங்கிவந்த சட்டையையும், ஒரு ஊசியையும், வலைநூலையும் வைத்தான். நான் எழுந்துபோய் மற்றப் பதினொரு சட்டையையும் கொக்கியிலிருந்து இறக்கி வாசலில் போட்டேன். முதலாளி கேட்டால் கேட்கட்டும். மறுநாளிலிருந்து பண்டகசாலைக் கதவைப் பூட்டவில்லை, சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல்லவும் செய்தேன். அந்தச் சாயங்காலம் விளக்கு வைக்கிறவரை இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, தும்பைப் பிடுங்கிவிட்டுத் தக்கையை வைத்துத் தைத்தோம். என் தையலைப் பார்த்து வியாகுலம் பிரித்துப் போட்டான்: "உமக்குப் பூட்டத்தான் தெரியும், இஞ்ச கொண்டாரும்."

ஆக, கம்பெனியும் முதலாளியும் கையெழுத்துப் போட்டு, நான் பூட்டுப் போட்டுக் காத்த பதினாலாம் ஷரத்தை ஒருவழியாக நிறைவேற்றினவன், அந்த ஒப்பந்தத்தில் கைநாட்டுக்கூட வைக்காத ஒரு தக்கைத் திருடன்தான்.