பதினேழாவது பெயர்

2006-ல் எங்கள் ஹாக்கி அணி மாநிலப் போட்டியில் ஜெயித்தபோது நான்தான் கேப்டன். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், "மேடம், நீங்க ஸ்போர்ட்ஸ் கோட்டாவாமே" என்று ஆசையாகக் கேட்டால் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தன்னடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

கடலூரில் ஒரு தனியார் கம்பெனி எங்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆட வைத்திருந்தது. பெண்கள் பந்தடித்துச் சம்பளம் வாங்குவது புவனகிரியில் எங்கள் தெருவுக்கே வேடிக்கை. முதல் பஸ்ஸைப் பிடித்து மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வந்துவிடுவேன். எங்கள் சென்டர் ஃபார்வர்டு நெல்லிக்குப்பம் பக்கத்துப் பெண், கரும்பு வெட்டுகிற வீடு. என் வயதுதான். பந்து அவள் ஸ்டிக்கை விட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அரையிறுதி வரை நாங்கள் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவள் போட்டவை. கேப்டன் பட்டை என் கையில்; மைதானத்து ஓரத்தில் நிற்பவர்கள் கத்துவது அவள் பெயரை. எனக்கு வயிற்றெரிச்சல்தான். கூடச் சேர்ந்து கைதட்டிக்கொண்டே எரிந்தேன்.

அரையிறுதியில் பந்து எகிறி அவள் வாயில் பட்டது. இரண்டு பல் போயிற்று, உதட்டில் தையல். இறுதிப் போட்டி நடந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவசரமாக வேறு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு ஆடி, ஒரே ஒரு கோலில் ஜெயித்தோம்.

அரசு சார்பில் பாராட்டு விழா என்று தகவல் வந்தது. டவுன்ஹாலில் மேடை, சால்வை, சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனு போடலாம். எங்களில் முக்கால்வாசிப் பேர் அதற்காகத்தான் ஓடினோம். பதினாறு பேர் கொண்ட பட்டியல் கேட்டிருந்தார்கள். புதிதாக வந்தவளோடு நாங்கள் பதினேழு. மேனேஜர் என்னிடம் பேப்பரைக் கொடுத்து, "யாராவது ஒருத்தர உட்டுத்தான் ஆவணும். நீயே பாத்து எழுதிக் குடுத்துடும்மா. எனக்கு எதுக்குப் பொல்லாப்பு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பதினைந்து பெயர் எழுதிய பிறகு பேனா நின்றது. மிச்சம் இரண்டு பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி எங்கள் இரண்டாவது கோல்கீப்பர், தொடர் முழுக்க ஒரு நிமிஷம்கூட ஆடாதவள். பெஞ்சில் உட்கார்ந்து எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தவள். யாரை விடவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பத்திரிகைக்காரர்கள் வந்தால் முதலில் யாரிடம் போவார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டது. உடைந்த பல், தையல் போட்ட உதடு, அத்தனை கோல். நான் போட்டோவின் ஓரத்தில்தான் நிற்பேன். இறுதிப் போட்டியில் அவள் ஆடவில்லையே என்று எனக்கு நானே ஒரு சட்டம் சொல்லிக்கொண்டு, கோல்கீப்பர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. விழாவுக்கு அவளும் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எங்களோடு எழுந்து மேடைப்படி வரை வந்தாள். பட்டியலோடு நின்ற ஊழியர் அவளைக் கை காட்டி நிறுத்தி, என்னைக் கேட்டார்: "இவுங்க யாரும்மா? லிஸ்ட்ல இல்லியே?"

எங்க டீம் சார் என்று சொல்லியிருக்கலாம். மேடையில் இடமில்லாமலா போய்விடும்.

"ஃபைனல்ல ஆடல சார்" என்றேன்.

அவள் ஒரு படி கீழே இறங்கினாள். பின்னால் வந்த ஒருத்தி, "இத கொஞ்சம் வச்சிக்கடி" என்று கைப்பையை அவளிடம் நீட்டினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. கடைசியில் நானும் கொடுத்தேன். எனக்குச் சால்வை போர்த்தியபோது எட்டுப் பத்துப் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கீழே நின்றிருந்தாள். கைதட்ட அவளுக்குக் கை இல்லை. இறங்கி வந்ததும் என் பையைத் தந்து, "உன் ஃபோன் அடிச்சிது, உங்கம்மாவா இருக்கும்" என்றாள்.

இரண்டு வருஷத்தில் எனக்குச் சிதம்பரம் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்தது. கம்பெனி அணியைக் கலைத்துவிட்டது. ஒருநாள் அவள் பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டாள். அணியில் ஆடியதற்கு ஏதாவது ஒரு காகிதம் வாங்க முடியுமா என்று கேட்டாள். பேசும்போது பல் தெரியாமல் கையால் வாயை மறைத்துக்கொண்டாள். "கலெக்டர் ஆபீஸ்லதான் எம் பேரு உட்டுப்போச்சாமே, அப்படியா?"

"ஆமாண்டி. அவுங்களுக்கு நம்ம கஷ்டம் எங்க தெரியுது? ஏனோதானோன்னு டைப் அடிச்சிருப்பானுங்க" என்றேன். பாவம், முகம் தெரியாத யாரோ ஒரு கிளார்க்கைத் திட்டித் தீர்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, மறுநாள் இறங்கியது.

2011 கடைசியில் தானே புயல் அடித்தது. முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. சேத வீடுகளைக் கணக்கெடுக்க ஆள் போதாமல் எங்களையும் கடலூர்ப் பக்கம் அனுப்பினார்கள். எனக்குக் கொடுத்த தெருவில் ஐந்தாவது வீடு அவளுடையது. கூரை மொத்தமாகப் போய், சுவர் மட்டும் ஈரத்தில் நின்றது. பானை, பாய் எல்லாவற்றையும் சாக்கு போட்டு மூடியிருந்தாள்.

"வாங்க மேடம்" என்றாள். என்னோடு வந்த தலையாரிக்காகச் சொன்ன மேடம் அது. ரேஷன் கார்டை நீட்டினாள். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். முழு சேதம் என்று குறித்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நகரப் பார்த்தேன்.

"காட்டு" என்றாள்.

"என்னாத்த?"

"எம் பேரு இருக்கான்னு பாக்கணும்."

"எழுதாம உட்டுடுவனாடி?"

"அன்னிக்கும் நீதான எழுதுன."

குரலில் கோபமே இல்லை. மேனேஜர் அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் சிதம்பரத்தில் நான் அந்தக் கிளார்க்கைத் திட்டியதையெல்லாம் தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சொல்வேனா என்று பார்த்திருக்கிறாள். இப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். தலையாரி பக்கத்தில் நிற்கிறானே என்று ஒரு சாக்கு கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

பட்டியலை அவள் பக்கமாகத் திருப்பினேன். அவள் சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டு வந்தாள். தன் பெயரில் நிறுத்தி, கார்டைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாள். புருஷன் பெயர், கதவு எண், சேதம் எதையும் விடவில்லை. அவள் சரி என்று தலையாட்டுகிறவரை, பட்டியலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் அவள் முன்னால் நின்றேன்.