வானத்துக்குத் திரை கிடையாது

"சுகந்திக்குக் கொஞ்சம் முடியலைங்க, உடனே வாங்க" என்று என் மனைவியின் மேலாளர் போனில் சொன்னபோது, அவள் ஏற்கெனவே இறந்திருந்தாள். குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில், கேமரா வைத்துத் தூளையும் நாரையும் பிரிக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். போட்டது போட்டபடி ஓடினேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். உள்ளதை மங்கலாக்கிச் சொல்வது அந்த மனிதருக்குப் பழக்கம். சுகந்தி கல்யாணமான நாளிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கும் இது தெரியும். இரங்கல் கூட்டத்தில் நீங்கள் யாரும் இதைப் பற்றி வாய் திறக்காததால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் செய்யும் விமானி ஹெல்மெட்டில் உயரமும் வேகமும் வானத்தின் மேலேயே எழுதியது போலத் தெரிய வேண்டும். அந்த எழுத்தை உண்டாக்குவது உள்ளே இருக்கும் நகமளவு திரை. முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி வெளியே பார்ப்பதற்கானது என்பதால், திரையின் வெளிச்சத்தில் பெரும்பகுதி அதைத் தாண்டிப் போய்விடும். கொஞ்சம்தான் கண்ணுக்குத் திரும்பும். பின்னால் விளக்கு வைத்த பழைய திரை பகலுக்குப் போதாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற நுண் எல்.இ.டி. திரை வேண்டும், அந்தியில் அதன் வெளிச்சத்தைக் குறைக்கவும் முடிய வேண்டும் என்று சுகந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மேலாளர் பழைய திரையையே மாட்டி, ஜன்னல் திரைகளை இழுத்து மூடிய ஹாலில் காட்டினார். இருட்டில் பச்சை எழுத்து ஜொலித்தது. கைதட்டினீர்கள். சுகந்தி எழுந்து ஒரு ஜன்னலைத் திறந்தாள். எழுத்து வெளிறியது.

"ஏம்மா, அதை மூடும்மா."

"மூடறனுங்க சார். வானத்துக்கு யாருங்க சார் திரை போடறது?"

நீங்கள் சிரித்தீர்கள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவில் என் தலையில் அந்த ஹெல்மெட்டை மாட்டினாள். பள்ளத்தில் வெள்ளைப் பனிப்புகையாய் மிஸ்ட், அதன் மேல் வெயில். நீல வானம்கூடப் பரவாயில்லை, வெயில் பட்ட வெள்ளை மேகம்தான் எழுத்தை விழுங்கும் என்பாள்.

"உயரம் எவ்வளவு காட்டுதுங்க?"

"ஆறாயிரம் அடி."

"நம்ம ஊரு உயரத்தைச் சொல்றீங்களாக்கும்! கண்ணுக்கு வந்ததை மட்டும் சொல்லுங்க. பைலட் இப்படி யூகிச்சான்னா மலையிலதான் முட்டுவான்."

என் கண்ணுக்கு வெள்ளையைத் தவிர எதுவும் வந்திருக்கவில்லை.

இரங்கல் கூட்டமும் அதே ஹாலில்தான். புரொஜெக்டரில் அவள் படம். வழக்கம்போல ஜன்னல்கள் மூடியிருந்தன. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த ஹெல்மெட் சுகந்தியோட கனவு. அவங்க பேரையே வைக்கப் போறோம்" என்றார். அவளுக்குக் கனவெல்லாம் இல்லை. ஒரு கோரிக்கை இருந்தது. அதைத் தூக்கிப் போட்டவர் இவர். மேசையில் மாலை போட்டு வைத்திருந்த ஹெல்மெட்டுக்குள் அதே பழைய திரை. அதைச் சோதித்துப் பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற விமானி முன்வரிசையில் இருந்தார்.

நான் எழுந்து ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்தேன். சுவரில் அவள் முகம் வெளுத்து, இல்லாமல் போனது.

"ஏனுங்க, படம் போச்சுங்களே!" என்று பின்னாலிருந்து ஒருவர் பதறினார்.

"ஆமாங்க. வெளிச்சம் பட்டாப் போயிரும், வேற திரை வேணும்னு அவ சொன்னது இதைத்தானுங்க" என்றேன்.

விமானி மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டி, சுவிட்சைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வெயில் பட்ட மிஸ்ட். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இதுல எழுத்து இருக்குதுங்களா?" என்றார். மேலாளர் தண்ணீர் குடித்தார். விமானி அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "இதைப் போட்டுட்டு நான் பறக்க மாட்டனுங்க. அந்தப் பொண்ணு கேட்டதை வெச்சுட்டுக் கூப்பிடுங்க."

அன்று சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் மறக்காமல் வாங்கிப் போனீர்கள்.

காலப்போக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் எனக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். அது யூகம். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: கண்ணுக்கு வந்ததை மட்டும் சொல்வது. காலையில் எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன். இப்போதைக்கு வெள்ளைதான் தெரிகிறது.