வொன் கணக்கும் அம்மாவின் பேரும்

றக்வான பஜாரில் துணிக்கடை வேலை முடிந்து, பஸ்ஸில் குலுங்கித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தால் எனக்கு ஒரே ஆறுதல் போனில் வரும் கொரியா நாடகம்தான். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். யார் யாரைக் காதலித்தால் அவளுக்கென்ன? யாராவது பணத்தை எடுத்தால் போதும், “அது நம்ம காசுல எம்புட்டு?” என்று என் தோளைப் பிடித்து உலுக்குவாள்.

முதலில் எனக்கும் அந்த வொன் என்கிற கொரியாக் காசு பிடிபடவில்லை. சாதாரணச் செருப்புக்கே ஐம்பதாயிரம் என்கிறார்களே, இவர்கள் எல்லாரும் கோடீஸ்வரர்களா என்று மலைத்தேன். பிறகு ஒரு வழி கிடைத்தது. கடைசிச் சைபரை வெட்டிவிட்டு மிச்சத்தை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய நம் இலங்கை ரூபாய். அம்மாவுக்கு அதுவும் போதாது, பேர் கணக்கில் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கேட்ட கிலோ கொழுந்தைப் பறித்துக் கொடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர்தான். ஒரு கோப்பி ஐயாயிரம் வொன், ஒரு பேருக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று சொல்லிவைத்தேன். அன்றைக்கென்று பார்த்து, நாடகத்து மாமியார் கோப்பியை மருமகள் முகத்தில் வீசினாள்.

“அடிப் பாவி! ஒரு பேர கொண்டுபோயி மூஞ்சில ஊத்திட்டாளே!” என்று அம்மா பதறினாள். நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தத் தம்பிதான் இப்போது கொரியாவில் இருக்கிறான். இரத்தினபுரியில் சிங்களத்தில் நடந்த கொரிய மொழி வகுப்புக்குப் போய், பரீட்சை பாஸாகி, ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதம் இருபது லட்சம் வொன். அம்மா ஒரு வருஷம் மலை ஏறினாலும் அத்தனை பேர் விழாது. லயமே வாயைப் பிளந்தது. அவனும் முக்கால்வாசியை வீட்டுக்கே அனுப்பினான். என் சந்தோஷம்தான் நிலைக்கவில்லை. வீடியோவில் பார்க்கப் பார்க்க அவன் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. கேட்டால், “இங்க ஒரே குளிரு, அக்கா” என்பான்.

போன வாரம் அவனோடு தங்கியிருக்கும் கேகாலைக்காரர் எனக்குச் சிங்களத்தில் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். “மல்லி கன்னே நே, அக்கே.” தம்பி சாப்பிடுவதே இல்லையாம். பகலில் கம்பெனி போடும் சாப்பாடு மட்டும்தான், இரவிலும் லீவு நாளிலும் பட்டினி. வேலையிடத்தில் மயங்கியும் விழுந்திருக்கிறான்.

ஞாயிறு காலை அவனைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“கடைல ஒரு சாப்பாடு பத்தாயிரம் வொன்னு, அக்கா. அம்மாவோட ஒரு பேருக்கு மேல. எனக்கு வாயில வைக்க முடியல” என்றான்.

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த ஊரில் உழைக்கிறவன் அந்த ஊர் விலைக்குத்தானே சாப்பிட வேண்டும்? கொழுந்து மலையையும் கூடவே தூக்கிக்கொண்டா போவது?

அம்மா போனைப் பிடுங்கினாள். “இப்பவே கடைக்குப் போ. நான் பாக்க நீ சாப்புடணும்.”

அங்கே மதிய நேரம். போனை மேசையில் சாய்த்து வைத்து, சோறும் சூப்பும் வாங்கிச் சாப்பிட்டான். கிண்ணம் காலியாகும்வரை அம்மா கண்ணை எடுக்கவில்லை.

போனை வைத்ததும் எழுந்து, கொழுந்தெடுக்கப் போகும்போது கட்டும் படங்கை இடுப்பில் சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தில் கைக்காசு உண்டு, பறித்த கிலோவுக்கு அன்றைக்கே காசு. முழங்கால் வீங்கியதிலிருந்து அவள் அதற்குப் போவதில்லை.

“எங்கம்மா போறீங்க?”

“அந்தச் சாப்பாட்டுக் காச எடுத்துட்டு வந்துர்றேன். அத அம்மா கட்டிட்டேன்னு தம்பிகிட்ட சொல்லிரு. அப்பதான் அவனுக்குத் தொண்டையில எறங்கும்.”

மறித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. முழங்காலை ஒரு கையால் பிடித்தபடி மலைப் பக்கம் நடந்தாள்.

பின்னேரம் தம்பி மறுபடி அழைத்து அம்மா எங்கே என்று கேட்டான். தூங்குகிறாள் என்றேன். உள்ளதைச் சொன்னால் இனி அவன் எந்தக் கடைப் படியும் ஏறமாட்டான்.