ஒரு பிளாஸ்டர்கூட ஒட்டாமல் ஓர் ஆபரேஷன்: கார்டன் ரீச்சிலிருந்து ஹவுராவுக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் மகள் மீராவுக்கு நான்கு சொத்தைப் பற்களை எடுக்க ஹவுரா பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். அவளுக்குப் பத்து வயது. லேசாக உரசினாலே தோலில் கொப்புளம் கிளம்பிவிடும். பரம்பரையாக வரும் பிறவிக் கோளாறு. முன்பு வேறோர் இடத்தில் மயக்கம் கொடுத்தபோது கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்டரைப் பிரித்தார்கள், தோலும் கூடவே வந்துவிட்டது. அதிலிருந்து மயக்க மருந்து என்றாலே எனக்குப் பயம்.

கொல்கத்தாவில் கார்டன் ரீச்சில் இருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து டாக்ஸியில் ஹூக்ளி ஆற்றுப் பாலம் வழியாகவும் போகலாம். ஆனால் சீட் பெல்ட் உரசும், வேகத்தடை தூக்கிப்போடும். அதனால் படகு. காலை 6.40க்கு ஏறினோம், பதினைந்து நிமிடம், ஆளுக்குப் பத்து ரூபாய்க்குள்தான். அக்கரையில் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா, மூன்று கிலோமீட்டருக்கு அறுபது ரூபாய். மீராவின் கைக்கட்டுகளைப் பார்த்த டிரைவர், "பயம் நேய் மாமொனி, தீரே தீரே ஜாபோ", பயப்படாதே கண்ணு, மெதுவாகவே போகலாம் என்று வங்காளத்தில் சொல்லி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஊர்ந்தார். ஒரு மீன்கூடைச் சைக்கிள்கூட எங்களை முந்திப் போனது.

வாசலில் செக்யூரிட்டி என் சட்டையில் விசிட்டர் ஸ்டிக்கர் ஒட்டினார். மீராவுக்கும் ஒன்றை நீட்ட, பாய்ந்து தடுத்தேன். அவளுக்கு ஸ்டிக்கர் என்றால் உயிர், ஆனால் ஒட்டிக்கொள்ள முடியாது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவிடம் காட்ட இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவரோ, ஒரு வாரம் முன்பு மீராவைப் பார்த்தபோதே எழுதி வைத்த தன் தாளைக் காட்டினார்: பிளாஸ்டர் கிடையாது, ஊசிக்குழாய்க்குத் துணிக்கட்டு, பிபி பட்டைக்கு அடியில் பஞ்சு, மாஸ்க் விளிம்பில் வாஸ்லின். தூக்கினால் உரசும், நீயே மேஜையில் ஏறிப் படுப்பாயா என்று மீராவிடமே கேட்டார். "பார்போ, முடியும்" என்று சொல்லி ராணி மாதிரி ஏறிப் படுத்தாள். அவள் தூங்கியதும் என்னை வெளியே அனுப்பினார்கள்.

ஒன்றே கால் மணி நேரம். அவள் விழித்ததும் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். புதிதாக ஒரு கொப்புளம்கூட இல்லை. சந்தோஷத்தில் நர்ஸ் அக்கா முன்னாலேயே அழுதுவிட்டேன்.

இப்படிப் போகிறவர்கள் ஒரு வாரம் முன்பே மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பழகிய கட்டுத்துணியும் வாஸ்லினும் கையோடு இருக்கட்டும். முன்பக்கம் திறக்கும் தளர்ந்த சட்டை நல்லது. எதையெல்லாம் ஒட்டப்போகிறார்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மாலை ஐந்து மணிப் படகில் மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிரைச் சாப்பிட்டு முடித்த மீரா, என் சட்டையிலிருந்த ஸ்டிக்கரை எடுத்து என் கன்னத்தில் ஒட்டினாள். ரொம்ப நேரம் ரசித்துவிட்டு, பாட்டில் தண்ணீரால் அதை நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பிரித்தாள்.

"வலிச்சா சொல்லுப்பா, நிறுத்திடறேன்."