ஆடாத மனிதரின் தாடைப் படம்

என் தங்கை படமெடுத்த பற்களை வரிசையாக அடுக்கினால் இந்த நகரத்தைச் சுற்றி ஒரு மதில் எழுப்பலாம். சரி, சரி, கொஞ்சம் கூடிப்போய்விட்டது. எங்கள் தெருவுக்கு ஒரு குட்டிச்சுவராவது வரும். அதில் நான் பின்வாங்க மாட்டேன்.

பல் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில் அவளுக்கு வேலை. ஈயத்தகடு அடித்த கதவு. உள்ளே, நிற்பவரின் தலையைச் சுற்றிவந்து தாடையைக் குறுக்கும் நெடுக்குமாகப் படமெடுக்கும் சி.டி. எந்திரம். "தாடையை இதுல வைங்க. கட்டையைக் கடிங்க. ஆடாதீங்க." காலையிலிருந்து மாலைவரை இதே பேச்சு. ஆடினால் படம் கலங்கும். மறுபடி எடுத்தால் கதிர்வீச்சு இன்னொரு பங்கு. அந்தப் பயம் அவளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. குடும்பத்தோடு போட்டோ எடுத்தாலும் அவள் ஓர் அதட்டு போடுவாள். நாங்கள் பிணங்கள்போல் விறைத்து நிற்போம். அவள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் 'ஆடாதே'.

அவள் புருஷன் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறவர். சாரத்தில் நின்றபடியே சாப்பாட்டை முடிக்கும் ஆள். மூச்சிரைப்புக்குப் பல வருஷமாக மாத்திரை விழுங்குகிறார். பிடுங்கிய கடைவாய்ப்பல்லின் இடத்தில் புதுப்பல் திருகி வைக்க வேண்டும். எலும்பு அந்தத் திருகைத் தாங்குமா என்று பார்க்க, பெண்டாட்டியின் எந்திரத்திலேயே போய் நின்றார்.

"உன் கையில தலையைக் கொடுத்து எத்தனையோ வருஷமாச்சு. இப்பத்தான் அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கறியா?"

"ஒண்ணும் இருக்காதுன்னு தெரியும். வாயை மூடுங்க, ஆடாதீங்க."

கீழ்த்தாடையின் அடி ஓரம் திரையில் கெட்டியான வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். அவருக்கோ கரையான் அரித்த மரச்சட்டம்போல மெலிந்து, அங்கங்கே பிசிறிக் கிடந்தது.

டாக்டரம்மா வெகுநேரம் அதையே பார்த்தார். பல்லைப் பற்றிப் பேசவே இல்லை.

"இந்தப் படத்தை வச்சு எலும்போட அடர்த்தி இவ்வளவுன்னு கணக்காச் சொல்ல முடியாதும்மா. ஆனா இந்த ஓரம் எனக்குப் பிடிக்கல. மூச்சிரைப்பு மாத்திரை வேற சாப்பிடறார், வருஷக்கணக்கா சாப்பிட்டா அது எலும்பை அரிக்கும். இடுப்புக்கும் முதுகுக்கும் தனியா எலும்பு அடர்த்திச் சோதனை எடுக்கட்டும். அதுவரைக்கும் சாரமும் வேண்டாம், சுமையும் வேண்டாம்."

"அவர் ஆடியிருப்பார் டாக்டர். ஒரு நிமிஷம் சும்மா நிக்கற ஆளா அவரு? அதான் கலங்கியிருக்கு."

தொழில் பழக்கத்தில் வந்த வார்த்தை. கலங்கிய படம் என்றால் ஆடிய ஆள், அவ்வளவுதான் அவளுக்கு. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா டாக்டர்? படமெடுத்தவளே சொல்லிட்டா. எலும்பு நல்லாத்தான் இருக்கு, நான்தான் சரியில்ல!"

சோதனைக்குப் போகவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இவளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வேலைக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் படத்தைத் திறந்தாள். தாடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண், தற்செயலாகப் பற்களின் பக்கம் போனது. படத்தைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு பல்லின் வேரும் ஊசியால் கீறியதுபோல் அத்தனை கூர்மை. தலை ஆடியிருந்தால் பல்லும் சேர்ந்தல்லவா கலங்கியிருக்கும்? அந்த மனிதர் கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக, அவள் சொன்னபடி அசையாமல் நின்றிருக்கிறார். கலங்கியிருந்தது படம் அல்ல, எலும்பு.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அடுத்து என்னை அழைத்தாள்.

"அக்கா, உன் வீட்டுப் பின்தெருவுலதானே அவருக்கு வேலை? ஓடு. அவரைக் கீழ இறக்கு. எதையும் தூக்க விடாதே."

"என்னடி ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகல. ஓடு!"

நான் மான்போல் ஓடினேன். தெருமுனையில் திரும்பியபோது, ஏழாவது மாடிச் சாரத்தில் ஒரு பலகை சரிய, அவர் வானத்துக்கும் பூமிக்கும் நடுவே கைகளை விரித்துக்கொண்டு...

இதுவரை எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலில் மல்லாந்து கிடந்தவர் கூரையைப் பார்த்தபடியே குறுக்கிட்டார்.

"அக்கா, ஏழு மாடியும் இல்ல, சாரமும் இல்ல. நான் விழவே இல்ல. தரையிலதான் நின்னேன். பாதி பெயின்ட் இருந்த சின்ன டப்பாவை எடுக்கக் குனிஞ்சேன். முதுகுல 'மளுக்'குன்னுச்சு. அவ்வளவுதான்."