குஞ்சு எந்தப் பாஷையில் கத்தும்?

இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆகியும் ஒரு சொல்கூடப் பேசாத என் மகளோடு நான் எந்தப் பாஷையில் கதைப்பது? எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஏறக்குறைய இதே கேள்வியை ஒருவர் பிடில் இசையோடு பாட்டாகவே கேட்டார். அன்று யோசிக்காமல் பதில் சொன்னேன். இன்று எவ்வளவு யோசித்தும் பதில் வரவில்லை.

அந்தப் பிடிலின் கீச்சுக் குரலும், மத்தியான வெயிலில் வாடிய பந்தல் ஓலையின் மணமும் இன்னும் என்னை விடவில்லை. என் அப்பாவின் ஆட்கள் திருகோணமலைப் பாலையூற்றில் இருந்தார்கள். ஊர் அவர்களைப் 'பறங்கியர்' என்று சொல்லும். எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்த போர்த்துக்கீசர் விட்டுப்போன பாஷை, தேய்ந்தும் திரிந்தும் அவர்களுடைய வீடுகளுக்குள் மட்டும் வாழ்ந்தது. அப்பா துறைமுகத்து டொக்யார்ட்டில் தச்சு வேலை செய்தார். அம்மா உப்புவெளித் தமிழ்ப் பெண். எங்கள் வீட்டில் இரண்டு பாஷைகளும் ஒன்றை ஒன்று சீண்டிக்கொண்டே இருக்கும். "கதிரை, குசினி, அலுமாரி எல்லாம் எங்கட பாஷைச் சாமான், உங்கட ஆக்களுக்கு இரவல் தந்திருக்கிறம்" என்பார் அப்பா. "அப்ப அந்தக் குசினிக்குள்ள நீங்களே போய்ச் சமையுங்கோவன்" என்பார் அம்மா.

பறங்கியர் கலியாணத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளை பகுதி நாலு வரி பாடிச் சீண்டும். பிடில் மெட்டு ஒரு சுற்று முடிவதற்குள் பெண் பகுதி நாலு வரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் அந்தப் பாஷையிலேயே. எங்கள் பகுதிக்கு எப்போதும் அப்பாதான் பாட்டுக்காரர். பெரியப்பாவின் மகளுடைய கலியாணத்தன்று, மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா கதிரையில் கால்மேல் கால் போட்டபடி, அம்மாவைப் பார்த்துக்கொண்டே பாடினார். அவர் பாடியதன் பொருள் இதுதான்: உங்கள் வீட்டுக் கோழி தமிழில் கொக்கரிக்கிறதாம், குஞ்சு எந்தப் பாஷையில் கத்தும்?

பந்தல் முழுவதும் சிரித்தது. அம்மா குனிந்து சேலைத் தலைப்பைத் திருகினார். பிடில் ஒரு சுற்று முடிந்தும் அப்பா வாய் திறக்கவில்லை. அடுத்த சுற்றும் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் செய்யுள் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய துணிவில் நான் எழுந்து, அதே மெட்டில் தமிழில் பாடிவிட்டேன்:

கதிரை தந்தது அப்பன் ஊர்,
கஞ்சி தந்தது அம்மை ஊர்,
குந்தி இருந்து குடிச்சவரே,
குஞ்சைக் கேட்க நீர் ஆர்?

கலியாண வீட்டில் கஞ்சி ஏது? மோனைக்காகப் போட்டதுதான். "அட, இந்தக் குஞ்சுக்குக் கொத்தவும் தெரியுமே!" என்று மட்டக்களப்பு மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனால் தமிழில சொன்னது சேராது. நாங்கள் தோத்திட்டம்" என்றார்.

துறைமுகப் பக்கத்து வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருக்க மூவரும் வீட்டுக்கு நடந்தோம். "பிள்ளை நல்லாத்தானே சொன்னவள்?" என்று அம்மா மெல்லக் கேட்டார். "ஓம், நல்லாத்தான் சொன்னவள்" என்றார் அப்பா. அவ்வளவுதான். அதன்பின் எந்தக் கலியாணத்திலும் அவர் பாடவில்லை. யாரும் கேட்டால் "தொண்டை ஏலாது" என்பார். என்னோடும் தமிழில் மட்டுமே கதைத்தார். என் குரல்தான் அவருடைய குரலை அடைத்துவிட்டதோ என்ற பயம் அன்று தொடங்கியது.

போன வருடம் அப்பா இறந்ததும் அவருடைய பாட்டுக் கொப்பியை அம்மா என்னிடம் தந்தார். பறங்கிப் பாஷையைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் வாசிக்க முடிகிறது, பாதிதான் விளங்குகிறது. ஒரு பாட்டில், தான் சீவும் வள்ளத்துப் பலகையைப் பார்த்து உன் ஊர் எது என்று கேட்கிறார்: மரம் கந்தளாய்க் காட்டிலிருந்து வந்தது, ஆணி சீமையிலிருந்து வந்தது, மிதப்பதோ உப்புத் தண்ணீரில். பலகை பதில் சொல்லவில்லை என்று பாட்டு முடிகிறது. வேறொரு பக்கத்தில் என்னுடைய நாலு வரிகள், ஓர் எழுத்தும் பிசகாமல். அவற்றின் கீழே அவருடைய பாஷையில் பதில் எழுதி வெட்டி, மறுபடி எழுதி வெட்டி, ஐந்து முறை முயன்றிருக்கிறார். என்மேல் கோபமா, பதில் கிடைக்காத தவிப்பா? வெட்டுக் கோடுகளுக்கு அடியில் 'மகள்', 'வீடு' என்ற பொருளுள்ள இரண்டு சொற்களை மட்டும் என்னால் அடையாளம் காண முடிந்தது.

அந்தக் கொப்பியை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ்த் தாலாட்டுக்குக் கண் மூடுகிறவள், அப்பாவின் வரிகளுக்கு மட்டும் விழித்து என் உதடுகளையே பார்த்தாள். "ரெண்டு பாஷையும் காதில விழுந்தால் அது எதைப் பிடிக்கும் பிள்ளை? ஒண்டை விடு" என்றார் என் மாமியார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். கிளினிக்கில் நர்ஸ் அம்மா "இன்னும் ஆறு மாதம் பார்ப்பம்" என்றார். பயந்துபோய்க் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டி ஒரு மாதமாகிறது.

டொக்யார்ட்டில் வெள்ளைக்காரர் காலத்து வேலை இல்லை. பாலையூற்றில் சில வீடுகள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன, பிடில்காரரும் போய்விட்டார். இப்போது கலியாணங்களில் ரேப் ரெக்கோடர் பாடுகிறது, அதற்கு யாரும் பதில் பாடத் தேவையில்லை.

மகள் தினமும் அலுமாரிக் கதவடியில் வந்து நின்று கையால் தட்டுகிறாள். என்ன வேண்டும் என்று சொல்ல அவளுக்குச் சொல் இல்லை. பிள்ளை வளர்த்தவர்களே, பேச்சுப் பிந்திய குழந்தையை வைத்துத் தவித்த தாய்மாரே, கதவைத் திறக்கவா, பூட்டியே வைக்கவா? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.